மே 29: செறாயியில் ஒரு பந்தி

மே 29 என்றதும் சரித்திரப் பிரியர்கள் ஒப்பிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. 1453இல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியர் கைக்குப் போனது. 1660இல் இரண்டாம் சார்லஸ் தன் முப்பதாவது பிறந்தநாளன்று லண்டனுக்குள் நுழைந்து முடியாட்சியை மீட்டார். 1913இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே முதல் காட்சியிலேயே ரகளையில் முடிந்தது. 1914இல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ‘எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து’ என்ற கப்பல் ஆயிரம் பேருக்கு மேல் பலிகொண்டு மூழ்கியது. 1953இல் எவரெஸ்ட். நம் நாட்டுக் கணக்கில் 1987இல் சரண் சிங் மறைவு. வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்கிறவர்களுக்கும் பள்ளிக்கூட வினாடிவினா நடத்துகிறவர்களுக்கும் இது போதும்.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொண்ட மே 29 அந்தப் பட்டியலில் ஏறாத ஒன்று. 1917, செவ்வாய்க்கிழமை. ஊர் செறாயி; கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவின் வடபகுதியில் இருக்கிறது. அன்று அங்கே நடந்தது ஒரு சாப்பாடு, அவ்வளவுதான்.

முதலில் தீவைப் பற்றி. ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகள் நிற்கும் கரையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையே வைப்பின். அங்கிருந்து வடக்கே முனம்பம் வரை சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கும் மண் அது. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் காயல். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தோடு இதன் கதையைத் தொடங்குவது வழக்கம். அந்த வெள்ளம்தான் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்து, கொச்சியின் வாயிலைத் திறந்துவிட்டது என்பார்கள். சங்கப் புலவர்கள் பாடிய முசிறி இருந்த கரை அந்தக் கொடுங்கல்லூர்ப் பக்கம்தான் என்பதால், தமிழ் வாசகருக்கு இந்த மண் அந்நியமில்லை. வெள்ளம் வந்த ஆண்டை முதலாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்று ஓர் ஆண்டுக் கணக்கே இங்கே புழங்கியது.

கான்ஸ்டான்டினோபிளைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. அதையும் கொச்சியையும் முடிச்சுப் போடும் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். துருக்கியர் நகரைப் பிடித்தார்கள், மிளகு வரும் வழி அடைபட்டது, அதனால் போர்த்துகீசியர் கடல் வழி தேடிப் புறப்பட்டார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. மலபார் மிளகு பெரும்பாலும் போனது செங்கடல் வழியாக எகிப்துக்கு, அங்கே அலெக்சாண்டிரியாவில் வெனிஸ் வணிகர்கள் கைக்கு. எகிப்து மம்லூக் சுல்தான்களிடமிருந்து துருக்கியர் வசம் போனது 1517இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிப் பத்தொன்பது ஆண்டு ஆன பிறகு! போர்த்துகீசியர் வந்தது அடைபட்ட வழிக்கு மாற்று தேடி அல்ல. வெனிஸ் தின்ற லாபத்தைத் தாங்கள் தின்ன. இன்னொன்று, 1453இன் மே 29 பழைய ஜூலியன் கணக்கு. இன்றைய காலண்டருக்கு மாற்றினால் அது ஜூன் 7. தேதி ஒற்றுமைகளை ரொம்பவும் நம்பக் கூடாது என்று இந்தத் தொடர் எழுதுகிற நானே சொல்லிவிடுகிறேன்.

அதே மே மாதத்தில் இன்னொரு கொச்சித் தொடர்பு உண்டு. 1500இல் போர்த்துகீசியத் தளபதி காப்ரால் 13 கப்பல்களோடு இந்தியாவுக்குக் கிளம்பி, வழியில் பிரேசில் கரையைத் தொட்டு, மே மாதத்தில் தென் அட்லாண்டிக் புயலில் நான்கு கப்பல்களை இழந்தார். மூழ்கியவற்றில் ஒன்றில் இருந்தவர் பார்த்தொலோமியோ டயஸ். ஆப்பிரிக்காவின் தென்முனையை முதலில் சுற்றிய அதே மனிதர், தான் கண்டுபிடித்த முனைக்கு அருகிலேயே போய்ச்சேர்ந்தார். கலைக்களஞ்சியங்கள் அவர் இறந்த நாளை மே 29 என்கின்றன. புயல் அதற்குச் சில நாள் முந்தியே அடித்தது என்பவர்களும் உண்டு. மிஞ்சிய கப்பல்கள் கோழிக்கோட்டில் சண்டை போட்டுக்கொண்டு, டிசம்பர் 24 அன்று கொச்சிக்கு வந்துசேர்ந்தன. மூன்று ஆண்டுகளில் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி கொச்சிமீது படையெடுத்தபோது கொச்சி ராஜா ஓடி ஒளிந்த இடம் இதே வைப்பின் தீவு. ராஜாவுக்கே அடைக்கலம் கொடுத்த தீவில், பக்கத்துக் குடிசைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பதுதான் இனி வரும் கதை.

1917இல் கொச்சி தனி சமஸ்தானம். சாதிக்குச் சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. நம்பூதிரிக்கு நாயர் தள்ளி நிற்க வேண்டும், நாயருக்கு ஈழவர், ஈழவருக்குப் புலையர். புலையர் சொந்தமாக ஒரு கூட்டம் போடக்கூட நிலமில்லை. 1913இல் அவர்கள் கொச்சிக் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, தண்ணீர்மேல் மாநாடு நடத்தினார்கள். நிலத்தில் கூடினால் தீட்டு என்பவர்களால் தண்ணீருக்குத் தடை போட முடியவில்லை. சீர்திருத்தக்காரர் பண்டிட் கருப்பன் பின்னால் நின்ற அந்தக் ‘காயல் சம்மேளனம்’ கொச்சிப் புலையர் மகாசபைக்கு அடித்தளம். இந்தியாவில் நடந்த எத்தனையோ மாநாடுகளில் இதைப் போல் இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஈழவர்களின் நிலை இரண்டும் கெட்டான். மேலே இருப்பவர்களுக்கு அவர்கள் தீண்டத்தகாதவர்கள். கீழே இருப்பவர்களை அவர்கள் தீண்ட மாட்டார்கள். சீர்திருத்தத் துறவி நாராயண குருவின் வழியில் அந்தச் சமூகம் அப்போது மளமளவென்று எழுந்துகொண்டிருந்தது. 1896இல் டாக்டர் பல்பு முன்னின்று, 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவ மெமோரியலைத் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குக் கொடுத்தார்கள். படிப்பு வேண்டும், சர்க்கார் வேலை வேண்டும் என்று. 1903இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன (எஸ்.என்.டி.பி.) யோகம் பிறந்தது. செறாயியிலும் விஞ்ஞான வர்த்தினி சபை என்று ஒன்று. அவர்கள் கட்டிய கௌரீஸ்வர கோயிலில் 1912இல் குருவே வந்து முருகனைப் பிரதிஷ்டை செய்தார். ‘மலையாளப் பழனி’ என்று அதற்குப் பெயர். சபையின் பெயரில் விஞ்ஞானம் இருந்தது, கோயிலில் குருவின் கை பட்ட தெய்வம் இருந்தது. புலையனுக்கு மட்டும் இடமில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்த அய்யப்பன் இந்த ஊர்க்காரர். 1889இல் செறாயியில் ஒரு ஈழவ வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்தவர், குருவிடமும் கவி குமாரன் ஆசானிடமும் நெருங்கிப் பழகியவர். படிப்பு முடித்து ஊர் திரும்பியபோது வயது இருபத்தேழு. பட்டதாரி என்றால் ஊரே எழுந்து நிற்கும் காலம். சர்க்கார் உத்தியோகம் தேடிக்கொண்டு மரியாதையாக இருந்திருக்கலாம். அவர் கேட்ட கேள்வி எல்லோரையும் சங்கடப்படுத்தியது. நாயர் நம்மைத் தொட வேண்டும் என்று மனுப் போடுகிறோமே, நாம் புலையனைத் தொட்டோமா?

மே 29 அன்று துண்டிடப்பறம்பு என்ற இடத்தில் கூட்டம். மலையாள இடவ மாதம், இடவப்பாதி மழை எப்போது இறங்கும் என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கும் நாட்கள். பலா காய்த்துக் கொட்டும் காலம். அந்தக் காலத்துக் கேரள வீட்டில் எதற்கும் கைகொடுப்பது பலாக்கொட்டைதான். அன்றைய விருந்தும் அதுவே: சோறு, பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்துச் செய்த கறி. பாயசம், பப்படம், பத்துக் கூட்டு என்று எதுவும் இல்லை. இருநூறு பேர் வரை கூடியதாகச் சொல்வார்கள். சாதியை ஒழிக்க வேண்டும் என்று பேசினார்கள். பேசி முடித்தபின் புலையர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மலையாளத்தில் இதற்கு மிச்ர போஜனம் என்று பெயர் நிலைத்தது. நாம் சமபந்தி என்போம்.

கூட்டமும் தீர்மானமும் ஊருக்குப் பழக்கம்தான். மேடையில் ‘சாதி இல்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம். வாயில் போட்ட சோற்றைக் குளித்துக் கழுவ முடியாது. அய்யப்பன் சோற்றைத் தேர்ந்தெடுத்ததன் சாமர்த்தியம் அங்கேதான். தீட்டு என்பது அடுப்படியில் காவல் காக்கிற சமாசாரம். அவர் நேராக அடுப்படிக்கே போய்விட்டார்.

ஊர் கொதித்தது. கவனிக்க வேண்டியது, கொதித்தவர்கள் நம்பூதிரிகளோ நாயர்களோ அல்ல. அய்யப்பனின் சொந்தச் சாதியினர். குருவின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருந்தவர்கள். விஞ்ஞான வர்த்தினி சபை அய்யப்பனையும் அவரோடு சாப்பிட்டவர்களையும் சாதி விலக்கு செய்தது. தெருவில் போகும்போது ‘புலையன் அய்யப்பன்’ என்று கூப்பிட்டார்கள். வசவாகத்தான் கூப்பிட்டார்கள்; அவர் அதை விருதாக வாங்கிக்கொண்டார். குருவிடம் போய்ச் சொன்னபோது, இது வளரும், கிறிஸ்துவைப் போலப் பொறுத்துக்கொள் என்று அவர் சொன்னதாக ஒரு சேதி உண்டு.

குருவுக்கு இதில் சம்மதமில்லை என்று எதிராளிகள் பரப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1921இல் குருவே தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். மதம், உடை, மொழி எதுவானாலும் மனிதர் ஒரே சாதி என்பதால் ஒருவருக்கொருவர் கல்யாணம் செய்துகொள்வதிலும் சேர்ந்து சாப்பிடுவதிலும் குற்றமில்லை என்பது அதன் சாரம். நாலு ஆண்டு காத்திருந்து கிடைத்த சீட்டு. ஆனால் சீடர் குருவின் நிழலிலேயே நின்றுவிடவில்லை. ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் என்றவர் குரு. மூன்றுமே வேண்டாம் என்றவர் அய்யப்பன். அதைக் குரு எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எனக்குப் படுவது, கடவுள் இல்லை என்ற சீடரைக் கடைசிவரை பக்கத்தில் வைத்துக்கொண்ட குருவை நம் பக்கத்தில் தேடினால் சீக்கிரம் கிடைக்காது.

அதே 1917இல் ‘சகோதரன்’ பத்திரிகை மட்டாஞ்சேரியிலிருந்து வர ஆரம்பித்தது. பாலமில்லாத காலம், வைப்பினிலிருந்து எங்கே போவதானாலும் படகுதான். மட்டாஞ்சேரிக்கும் அப்படித்தான். யூதர், கொங்கணியர், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர் என்று பல சாதி சனம் அடுத்தடுத்துக் கடை விரித்த ஊர். அங்கிருந்து சாதி எதிர்ப்புப் பத்திரிகை கிளம்பியது பொருத்தம்தான். பத்திரிகையின் பெயர் அய்யப்பனுக்கே முன்னொட்டாக ஒட்டிக்கொண்டு, புலையன் அய்யப்பன் சகோதரன் அய்யப்பன் ஆனார்.

இனி உலகத்தின் மறுபுறம். அதே 1917 மே 29 பிற்பகலில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புரூக்லைன் என்ற ஊரில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடி. தேதி ஒற்றுமையை நம்பாதீர்கள் என்று மேலே நானே எழுதினேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து ஜனாதிபதியாகி, 1963 ஜூன் 11 இரவு தொலைக்காட்சியில் நாட்டுக்குப் பேசியது எதைப் பற்றி? தோல் கறுப்பு என்பதற்காக ஒருவன் ஊருக்குப் பொதுவான ஓட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிட முடியாதென்றால் அது என்ன சுதந்திரம் என்பதைப் பற்றி. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து எழ மறுத்திருந்தார்கள். கென்னடி கொண்டுவந்த மசோதா, அவர் சுடப்பட்டு இறந்தபின் 1964 ஜூலை 2இல் சட்டமானது.

சட்டமானதும் பிரச்சினை தீர்ந்ததா? அலபாமாவின் பர்மிங்ஹாமில் ‘ஆலிஸ் பார்பெக்யூ’ என்ற ஓட்டல்காரர் வழக்குப் போட்டார். கறுப்பர்கள் அங்கே வேலை செய்யலாம், பொட்டலம் வாங்கிப் போகலாம், உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டல்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மனிதன் மனிதனோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற காரணத்தால் அல்ல. அந்த ஓட்டல் வாங்கும் உணவுப் பொருளில் கிட்டத்தட்டப் பாதி, வெளிமாநிலத்திலிருந்து வரும் இறைச்சி. ஆகவே மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு என்று! கறுப்பர் உள்ளே வருவதற்கு வழிவிட்டது இறைச்சியின் விலைச்சீட்டு. சட்டம் போகிற வழி அப்படி. செறாயியில் யாரும் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். செறாயிக்கு ஐந்து ஆண்டு பிந்தி, 1922இல், தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி குருகுலத்தை வ.வே.சு. ஐயர் தொடங்கினார். துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த புரட்சிக்காரர், கம்பனில் தோய்ந்தவர், தேசபக்தியில் யாரும் குறை சொல்ல முடியாதவர். அவருடைய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. பெற்றோர் கேட்டார்கள், அவர் ஒத்துக்கொண்டார். தமிழ்நாடு காங்கிரஸின் பணமும் அதில் இருந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை. காந்தி வரைக்கும் போனது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலக வேண்டிவந்தது. பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறுவதற்கு முந்திய கசப்புகளில் இது பெரியது. இரண்டு பிள்ளைகளின் சாப்பாடு ஒரு மாகாணத்தின் அரசியலையே திருப்பியது என்றால் மிகையில்லை. ஐயர் கெட்டவர் அல்ல என்பதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துவது. அடுப்படியில் ஒரு சின்ன விட்டுக்கொடுத்தல், அவ்வளவே என்று நினைத்திருப்பார். செறாயிக்காரர் அந்தச் சின்னதைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

மே 29க்கே திரும்புவோம். 1919இல் அந்த நாள் வானத்துச் சமாசாரம். முழுச் சூரிய கிரகணம். சூரியனை ஒட்டித் தெரியும் நட்சத்திரங்களின் ஒளி வளைகிறதா என்று பார்த்து ஐன்ஸ்டைனைச் சோதித்தார்கள். எடிங்டன் போனது பிரின்சிபே தீவுக்கு, மற்றொரு குழு பிரேசிலின் சோப்ராலுக்கு. இரண்டுமே போர்த்துகீசியர் குடியேறிய மண் என்பது கொச்சிக்காரர் ரசிக்கத்தக்க விஷயம். ஐன்ஸ்டைனின் கணக்கு 1.75 வினாடிக் கோணம், சோப்ராலில் 1.98, மேகம் மறைத்த பிரின்சிபேயில் 1.61. நவம்பர் 6இல் லண்டனில் அறிவித்தார்கள். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநர் எவர்ஷெட் இதே சோதனையைச் செய்ய 1922 கிரகணத்துக்கு ஆஸ்திரேலியாவின் வாலல் வரை போய்வந்தார். அதைத் தனியாகவே எழுதலாம்.

1953இன் மே 29 காலை பதினொன்றரைக்கு டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றது எல்லோருக்கும் தெரியும். டென்சிங் அங்கே பனியைத் தோண்டி இனிப்புகளைப் படையலாகப் புதைத்தார். பிறந்த தேதி சரியாகத் தெரியாத அவர், அன்றுமுதல் மே 29ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். ஆனால் ஏற்றம் தொடங்குமுன் காட்மாண்டுவில் நடந்ததைப் பாட நூல்கள் சொல்வதில்லை. வெள்ளைக்கார உறுப்பினர்களுக்குப் பிரிட்டிஷ் தூதரகத்தில் நல்ல தங்குமிடம். ஷெர்பாக்களுக்குத் தூதரகத்தின் கார் கொட்டகை, கழிப்பறைகூடக் கிடையாது. மறுநாள் காலை அவர்கள் தூதரகத்தின் முன்னாலேயே சாலையில் வரிசையாக நின்று சிறுநீர் கழித்துத் தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார்கள். ஒரே கயிற்றில் உயிரைக் கட்டிக்கொண்டு மலை ஏறலாம், ஒரே கூரையின் கீழ் படுக்க முடியாது. இறங்கி வந்தபின்னும் கணக்கு மாறவில்லை: ஹிலாரிக்கும் தலைவர் ஹன்ட்டுக்கும் சர் பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம்.

செறாயிக்காரருக்குத் திரும்புவோம். சகோதரன் அய்யப்பன் 1928இல் கொச்சி சட்டசபைக்குப் போனார். இருபது ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தார். கொச்சியிலும், பிறகு 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி சேர்ந்த முதல் மந்திரிசபையிலும் மந்திரி. நாற்காலியை விட்டு இறங்கவும் தயங்கவில்லை. ‘யுக்திவாதி’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். மனைவி பார்வதி அய்யப்பன் ஆலுவாவுக்கு அருகே தோட்டுமுகத்தில் ஸ்ரீநாராயண சேவிகா சமாஜத்தை உருவாக்கி, ஆதரவற்ற பெண்களுக்கு வாழ்விடம் தந்தவர். ‘சகோதரன்’ 1956 வரை வந்தது. அய்யப்பன் 1968இல் காலமானார். வைப்பினை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004இல்தான் திறக்கப்பட்டன. மிச்ர போஜனத்தின் நூறாவது ஆண்டைக் கேரளம் 2017இல் சேர்ந்து சாப்பிட்டுக் கொண்டாடியது. நம் பக்கம் சுதந்திர தினத்தன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறதல்லவா, மந்திரியும் கலெக்டரும் வரிசையாக உட்கார்ந்து பத்திரிகைக்குப் படம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பந்தியில் சாப்பிட்டதற்காக யாரையும் வீட்டுக்குள் விட மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. செறாயியில் சாப்பிட்டவர்களுக்குச் சொன்னார்கள்.

அடுத்த இதழில் ஜூன் 3. சேரன்மாதேவியிலிருந்து விலகிய வ.வே.சு. ஐயர், சில வாரங்களிலேயே, 1925இல் அதே நாளில், பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தார்.